போரடிச்ச சீசனாம்ல!

மோட்டோகிராஸ் பார்க்கிற ஆளுங்க நம்மூர்ல விரல் விட்டு எண்ணிடலாம். அந்த நாலஞ்சு பேர்லயும் பாதிப் பேர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடறாங்க: "2018 உலக சாம்பியன்ஷிப் செம போர்ப்பா, ஒரே ஆளே ஜெயிச்சுட்டு இருந்தான்." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இன்னிக்கு ஒரு கை பார்த்துடலாம்.

விஷயம் தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். மண்ணு, மணலு, மேடு, பள்ளம் எல்லாம் இருக்கிற தடத்துல நாற்பது பைக் ஒரே வரிசையில நின்னு, கேட் விழுந்ததும் ஒரே வளைவை நோக்கிப் பாயும். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு ரேஸ், ஒவ்வொண்ணும் முப்பது நிமிஷமும் கூட ரெண்டு சுற்றும். ஜெயிச்சா 25 புள்ளி, ரெண்டாவது வந்தா 22. 2018-ல அவ்ளோதான் கணக்கு.

2018-ல மொத்தம் 20 சுற்றுப் போட்டி. நெதர்லாந்துக்காரர் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் அதுல 19-ல ஓட்டி, 17-ஐ ஜெயிச்சார். 38 ரேஸ்ல 33 வெற்றி. 19 போட்டிக்கு அதிகபட்சம் 950 புள்ளிதான் எடுக்க முடியும்; மனுஷன் எடுத்தது 933. சீசன் முழுக்க விட்டது வெறும் 17 புள்ளி! இதைத்தான் நம்ம நண்பர்கள் போர்ங்கறாங்க. பத்தாம் வகுப்புல எல்லாப் பாடத்திலயும் நூத்துக்கு 98 வாங்கின பையனைப் பார்த்து, "மார்க் ஷீட்ல சுவாரஸ்யமே இல்லை"ன்னு சொல்ற மாமா மாதிரி இருக்கு.

"கேடிஎம் வண்டிப்பா, அதான்"னு அடுத்த கணை வரும். சரி, ரெண்டாவது வந்தது யாரு? இத்தாலிக்காரர் அந்தோனியோ கைரோலி. அவரும் அதே கேடிஎம் ஃபேக்டரி வண்டிதான், அதே 450. முந்தின வருஷம், 2017-ல, ஒன்பதாவது உலகப் பட்டம் வாங்கினவர். வண்டிதான் காரணம்னா அவருக்கும் 151 புள்ளி இடைவெளி எங்கேர்ந்து வந்துச்சு?

கைரோலிக்கு அது சாதாரண வருஷமும் இல்லை. பெல்ஜியத்தோட ஸ்டெஃபான் எவர்ட்ஸ் வச்சிருக்கிற பத்து பட்டம்தான் உலக சாதனை. இன்னும் ஒண்ணே ஒண்ணு கிடைச்சா கைரோலி சமன் பண்ணிடலாம். வயசோ முப்பத்திரண்டு. எதிர்ல இருபத்து மூணு வயசுப் பையன். ரெண்டு பேரும் ஒரே கம்பெனிச் சட்டை. இதுக்கு மேல என்னய்யா கதை வேணும் உங்களுக்கு? சினிமாவா இருந்தா மூணு தடவை பார்த்திருப்பீங்க.

முதல் போட்டியே ஆர்ஜென்டினா, நியூகென். ரெண்டாவது ரேஸ்ல கைரோலி முன்னாடி போய்ட்டிருந்தார். ஹெர்லிங்ஸ் துரத்திட்டு வந்து கடைசிச் சுற்றுல தாண்டினார். அந்த வருஷம் முழுக்க இதுதான் நடந்துது. பையனோட ஸ்டார்ட் அவ்ளோ நல்லா இருக்காது. கேட் விழுந்ததும் பின்னாடி மாட்டிக்குவான் (மரியாதை குறையுதோ? பிரியம்தான்). அப்புறம் ஒவ்வொருத்தனா விழுங்கிட்டு முன்னாடி வருவான். முதல் சுற்றுலயே தனியாப் பறந்து போய் ஜெயிக்கிறதுதான் போர். இது அது இல்லை. முடிவு மட்டும் பார்க்கறவனுக்குத்தான் ரெண்டும் ஒண்ணு.

ஜூன்ல ஹெர்லிங்ஸுக்குப் பயிற்சியில காறை எலும்பு உடைஞ்சுது. இத்தாலி ஓட்டோபியானோ போட்டிக்கு வரவே முடியலை. இடைவெளி மளமளன்னு குறைஞ்சுது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, அடுத்த போட்டிக்கே, ஜூலை முதல் தேதி இந்தோனேசியாவுல வந்து நின்னார். நமக்குத் தோள்பட்டை சுளுக்கினாலே ஒரு வாரம் லீவு போடறோம். செப்டம்பர்ல சொந்த ஊர் ஜனங்க முன்னாடி, அஸ்ஸென்ல லாரி லாரியா மணல் கொட்டிப் போட்ட தடத்துல, பட்டம் வாங்கினார்.

"ஐரோப்பாவுல போட்டியே இல்லை, அமெரிக்காதான் உசத்தி"ங்கிற கோஷ்டிக்கு ஒண்ணே ஒண்ணு: 2017-ல ஹெர்லிங்ஸ் அமெரிக்காவுக்குப் போய், இண்டியானாவுல அவங்க தேசிய சாம்பியன்ஷிப்போட கடைசிப் போட்டியில ரெண்டு ரேஸையும் ஜெயிச்சுட்டு வந்தார். போதுமா?

2006-ல எவர்ட்ஸ் 15-ல 14 போட்டி ஜெயிச்சுட்டு ஓய்வு பெற்றார். அதை இன்னிக்கும் சரித்திரம்ங்கறாங்க. எவர்ட்ஸ் பண்ணா சரித்திரம், ஹெர்லிங்ஸ் பண்ணா போரா? என்னங்கடா நியாயம்!

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். பட்டம் யாருக்குங்கிற சஸ்பென்ஸ் ஆகஸ்ட்லயே செத்துப் போச்சு. ஆனா நான் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தது பட்டத்துக்காக இல்லை. ஒருத்தர் இதுக்கு மேல முடியாதுங்கிற இடத்துல எத்தனை வாரம் நிக்க முடியும்னு பார்க்கத்தான். அது ரொம்ப நாள் நிக்காதுன்னு உள்ளுக்குள்ள தெரியும். நிக்கவும் இல்லை. 2019 சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே கால் உடைஞ்சுது. 2020-ல புள்ளிப் பட்டியல்ல முன்னணியில இருக்கும்போது ஃபயென்சாவுல விழுந்து கழுத்துல அடி, சீசனே போச்சு. 2021-ல வெறும் அஞ்சு புள்ளி வித்தியாசத்துல பட்டம் வாங்கினப்ப, இதே போர் கோஷ்டி "ஆஹா, இதல்லவா சீசன்"னு குதிச்சாங்க. அடுத்த ஜனவரியில போட்டோ எடுக்கப் போன இடத்துல குதிகால் உடைஞ்சு 2022 முழுக்க வீட்டுல.

கைரோலி 2021 கடைசியில விடைபெற்றார். கையில ஒன்பதே பட்டம்.