மண்டபத்தைப் பூட்டச் சொல்லி மனுவா?

நம் பகுதியில் ஒரு மனு வீடு வீடாகச் சுற்றி வருகிறது. பிழைக்க வந்தவர்களை மும்பையை விட்டு விரட்ட வேண்டும் என்று பேசும் ஒரு கூட்டத்தார், அடுத்த மாதம் மாநகராட்சி மண்டபத்தை வாடகைக்குக் கேட்டிருக்கிறார்களாம். "கொடுக்காதே" என்று நாமெல்லாம் கையெழுத்துப் போட வேண்டுமாம். நம் சங்கத் தோழர்களே முன்னின்று கையெழுத்து வாங்குகிறார்கள். போடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோபம் புரியாமல் இல்லை. 1966 அக்டோபரில் சிவசேனை தன் முதல் பொதுக்கூட்டத்தை சிவாஜி பார்க்கில் போட்டது. அதன் பிறகு தென்னிந்தியர் ஓட்டல்கள் பட்ட பாட்டை நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதே சிவாஜி பார்க்கின் பின்கதையையும் கேளுங்கள். 2022இல் அந்தக் கட்சி இரண்டாக உடைந்தது. தசரா கூட்டத்துக்கு இரண்டு அணிகளும் மைதானம் கேட்டன. சட்டம் ஒழுங்கு கெடும் என்ற போலீஸ் அறிக்கையைக் காட்டி, மாநகராட்சி இருவருக்கும் இல்லை என்றது. அந்த மைதானத்தைத் தன் வீட்டுத் திண்ணையாக நினைத்திருந்த கட்சிக்கே கதவடைப்பு! உத்தவ் தாக்கரே அணி ஐகோர்ட்டுக்குப் போய், செப்டம்பர் 23இல் அனுமதி வாங்கி வந்தது. அவர்களுக்குப் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். நமக்கு?

சென்ற ஆண்டு குடிசை மாற்றம் பற்றிக் கூட்டம் போட நம் சங்கம் ஒரு மண்டபம் கேட்டது. முன்பணம் கட்டி ரசீதும் வாங்கினோம். மூன்று நாள் முன்னால், "மின்சார வேலை நடக்கிறது, கிடையாது" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். அன்று மாலை அங்கே கல்யாண வரவேற்பு, பேண்டு வாத்தியத்தோடு! மறுப்பை எழுத்தில் கேட்டோம். தரவில்லை. காகிதமே இல்லாமல் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

இந்த மனு அப்படிப்பட்ட அதிகாரியின் கையில்தான் இன்னொரு பூட்டைக் கொடுக்கிறது.

"கலவரம் வந்தால்?" என்கிறார்கள். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கும் இதே பேச்சுத்தான். இடஒதுக்கீட்டைத் தாக்கிய படம் அது; எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஆனால் 1989இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது சரி: கலவரம் செய்வேன் என்று ஒருவன் மிரட்டுவதற்காகப் பேச்சை அடக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 மார்ச்சில் இதே மும்பையில் பார்த்தோம். ஏக்நாத் ஷிண்டேயை ஒரு நகைச்சுவைக் கலைஞர் கேலி செய்தார் என்று, அவர் பேசிய அரங்கை ஷிண்டே கட்சியினர் அடித்து நொறுக்கினார்கள். மறுநாள் மாநகராட்சி ஆட்களும் சுத்தியலோடு வந்து அதே அரங்கில் ஒரு பகுதியை இடித்தார்கள். கல்லெறிந்தவனுக்குத் துணையாக இடம் கொடுத்தவனையே இடித்தது அரசாங்கம்!

தெருவில் கூட்டம் போடப் போலீஸ் அனுமதி வேண்டும் என்ற விதி அகமதாபாத்தில் இருந்தது. 1972இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எதற்கு மறுக்கலாம் என்ற வரையறை இல்லாமல் அதிகாரி இஷ்டத்துக்கு விடக் கூடாது என்றது. மண்டபத்துக்கும் அதுதானே நியாயம்? (எங்கள் ரயில்வே வளாகத்தில் கூட்டம் போட யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று 1969இல் தீர்ப்பு வந்தது. சரி, பட்டறை வேலைக்கான இடம். வாடகைக்கு விடவே கட்டிய மண்டபம் பட்டறையா?) நம் சங்க அறையை யாருக்குக் கொடுப்பது என்பது நம் பாடு. மாநகராட்சி மண்டபத்தில் நம் வரிப்பணமும் இருக்கிறது, நம்மை வெறுப்பவன் வரிப்பணமும் இருக்கிறது.

மேடையேறி "அடி, கொளுத்து" என்று தூண்டினால், தூண்டியவன்மேல் வழக்குப் போடட்டும். பழைய சட்டத்தின் 153ஏ பிரிவு இப்போது 196ஆவது பிரிவாக இருக்கிறது. அன்றைக்கு வாசலில் நின்று நாமும் கறுப்புக் கொடி காட்டுவோம், நம் பதிலை இந்தியிலும் மராத்தியிலும் அச்சிட்டுக் கொடுப்போம். முதல் ஆளாக நான் நிற்கிறேன்.

மனு கொடுப்பதென்றால் வேறு மனு கொடுப்போம். வாடகை, முன்பணம், நேரம் எல்லோருக்கும் ஒன்றே என்று வாசலில் பலகை வைக்க வேண்டும். முதலில் கேட்டவருக்கு முதலில் தர வேண்டும். மறுத்தால் ஏழு நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். போலீஸ் பந்தோபஸ்துச் செலவைக் கூட்டம் போடுபவர் தலையில் கட்டக் கூடாது. இந்த மனு தமிழிலும் மராத்தியிலும் சங்க அலுவலகத்தில் தயாராக இருக்கிறது. ஞாயிறு மாலை வந்து படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மற்ற மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் வரலாம்.