கண்ணில் குடியேறும் காசநோய்

காசநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவன இருமலும் இரத்தமுமே. 1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் சிறுமலர் புனித தெரேசாளின் வாயில் பொங்கிய இரத்தத்தைப் பற்றி மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் இருமலே இன்றி, கண்ணில் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் காசநோயும் உண்டு. இதை நம் குடும்பங்களில் பலர் அறியார்.

காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்திலும் துறைமுகத்திலும் உழைக்கும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். கண் சிவந்தால் வெல்டிங் ஒளி பட்டது என்பார்கள். கரித்தால் உப்புக்காற்று என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் சிவப்பு சில நாட்களில் தணியாமல், வெளிச்சம் கூசி, பார்வையும் மங்கினால் வேறு காரணம் தேடவேண்டும். நுரையீரலில் என்றோ புகுந்த கிருமி இரத்தத்தின் வழியே கண்ணை அடையக்கூடும். விழியின் நடுப்படலம் இரத்தக் குழாய்கள் நிறைந்தது. கிருமிக்கு அது வசதியான இடம். மார்பு எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

இந்நிலையில் நாமே கடையில் வாங்கி விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பெரிய வஞ்சகன். சிவப்பு மறையும், உள்ளே கிருமி வளரும். மருத்துவர் அதையே தருவதுண்டு, ஆனால் காசநோய் மருந்துகளின் துணையோடு.

இளம் ஆண்களை அதிகம் தாக்கும் ஈல்ஸ் நோய் என ஒன்று உண்டு. 1880-இல் ஹென்றி ஈல்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதை விவரித்தார். விழித்திரையின் குழாய்கள் வீங்கிக் கசியும். கண்முன் கரும்புள்ளிகள் மிதக்கும். திடீரெனப் பார்வையே மறைவதும் உண்டு. இந்நோயாளர் சிலரின் கண்ணில் காசக்கிருமியின் மரபணுவைச் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் கண்டனர். ஆயினும் ஈல்ஸ் எல்லாம் காசநோய் அன்று. சோதித்துச் சொல்லவேண்டியவர் கண் மருத்துவரே. மீஞ்சூரில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்னை சேர்ந்தால், 1819-இல் தோன்றிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது.

காசநோய்க்கு மருந்து உண்போரும் கண்ணைக் கவனிக்க வேண்டும். அரசு தரும் ஆறு மாத சிகிச்சையில் எத்தாம்புட்டால் என்னும் மருந்து இறுதிவரை உண்டு. அது சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் முதலில் மங்கும். வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, சுவரில் தொங்கும் பங்கு நாட்காட்டியைப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு வெளிறித் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். காலத்தில் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் மீளும். ஆனால் எல்லா மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதை விலக்குவது என்பதை அவர் சொல்வார்.