ராயபுரம் கானாவும் ராக் கிட்டாரும் ஒரே மேடையில்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ எழுந்தது எப்படி?

பிரிட்டனில் ‘இண்டி பேண்ட்’ என்றால் அர்த்தம் சிம்பிள். பெரிய இசை நிறுவனங்களிடம் போகாமல், சின்ன லேபிளில் பாட்டு வெளியிடும் குழு. உருக்குத் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டில் இருந்து கிளம்பிய ஆர்க்டிக் மங்கீஸ் இதற்கு நல்ல உதாரணம். கச்சேரிக்கு வந்தவர்களுக்கு டெமோ சிடிக்களைச் சும்மா கொடுத்தார்கள். ரசிகர்கள் அதை இணையத்தில் ஏற்றிப் பரப்பினார்கள். 2006 ஜனவரியில் டொமினோ என்ற சுயாதீன லேபிளில் வந்த அவர்களின் முதல் ஆல்பம், பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3.6 லட்சத்துக்கும் மேல் விற்றது.

தமிழ்நாட்டில் கணக்கே வேறு. இங்கே ‘இண்டி’ என்றால் சினிமாவில் வராத பாட்டு, அவ்வளவுதான். பாட்டும் காசும் கூட்டமும் சினிமா பக்கமே இருக்கும் ஊரில், அதற்கு வெளியே நின்று பேர் வாங்கிய குழுக்கள் குறைவு. அதில் அதிகம் பேசப்பட்டது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. ஆனால் அந்தக் குழுவைத் தொடங்கி வைத்ததே ஒரு சினிமா இயக்குநர். இந்த முரண்தான் அதன் கதையில் சுவாரஸ்யமான இடம்.

துறைமுகத்துப் பாட்டு

முதலில் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1856-ல் ராயபுரத்தில் ரயில் நிலையம் வந்தது. பிறகு செயற்கைத் துறைமுகம், மில்கள், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகள், அனல் மின் நிலையங்கள். மூட்டை தூக்கவும் மெஷின் ஓட்டவும் வந்து தங்கிய மக்களின் குடியிருப்புகளில், மீனவர் குப்பங்களை ஒட்டிய தெருக்களில் வளர்ந்தது கானா. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, செத்தவரின் பெருமையையும் வாழ்க்கையின் நிலையாமையையும் பாடுவது இதில் முக்கியமான வகை. அதனாலேயே ‘மரண கானா’ என்று பெயர். பாட்டு வாய்மொழியாகக் கைமாறும். யார் எழுதியது என்ற எழுத்துப் பதிவு பெரும்பாலும் இருக்காது.

சினிமா இதை விடவில்லை. 90-களில் தேவாவின் இசையில் கானா தமிழ்நாடு முழுக்கப் போனது. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படம் கானா உலகநாதனைப் பிரபலமாக்கியது. எல்லோரும் ஆடினார்கள், சரி. ஆனால் திரையில் கானா பாடுபவர் பெரும்பாலும் ரவுடியாகவோ குடிகாரராகவோ காமெடியனாகவோதான் வந்தார். பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ (2012), ‘மெட்ராஸ்’ (2014) படங்களில் இது கொஞ்சம் மாறியது. ‘மெட்ராஸ்’ படத்தில் கானா பாலா பாடிய மரண கானா, வியாசர்பாடியின் துக்கத்தைக் கேலி இல்லாமல் சொன்னது.

சினிமாவுக்கு வெளியே 2017 ஜனவரியில் ஒரு முயற்சி நடந்தது. எண்ணூர் கழிமுகம் ஆக்கிரமிக்கப்படுவதைப் பற்றி ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வெளிவந்தது. கபேர் வாசுகி எழுத, கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா அதைச் சாம்பலுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே நின்று பாடினார். ‘புறம்போக்கு’ என்ற வசைச் சொல் உண்மையில் எல்லோருக்குமான பொது நிலத்தைக் குறிக்கும் என்று நினைவூட்டிய அந்தப் பாட்டு, எண்ணூரைப் பலரின் போன் திரைக்குக் கொண்டுவந்தது. இருந்தாலும் அது வெளியிலிருந்து எண்ணூருக்கு வந்த குரல்.

கோட் சூட்டில் 19 பேர்

சரியாக ஒரு வருஷம் கழித்து, 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 19 பேர் மேடை ஏறினார்கள். ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ தென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. தென்மா அதற்கு முன்பு கபேர் வாசுகியுடன் ‘குரங்கன்’ பேண்டில் இருந்தவர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், ராக் கிட்டார், டிரம்ஸ், கூடவே பறை, சட்டி, கட்ட மோளம். எல்லோரும் கோட் சூட்டில் இருந்தது அம்பேத்கரை நினைவுபடுத்தத்தான். குழுவின் பெயரும் அப்படியே: அயோத்திதாச பண்டிதர் முன்வைத்த ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற கருத்தில் இருந்து எடுத்தது.

இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக் கொலை என்று டீக்கடையில்கூடத் தாழ்ந்த குரலில் பேசப்படும் விஷயங்களை மைக் வைத்துப் பாடினார்கள். அதுவும் துக்கமாக இல்லை, ஆடத் தூண்டும் தாளத்தில். அதுதான் இந்தக் குழுவின் கெத்து. 2020 டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கியபோது, மயிலாப்பூர் சபாக்களின் மாதத்தில் கானாவுக்கும் பறைக்கும் தனி மேடை கிடைத்தது.

இசைவாணியின் பயணம்

19 பேரில் பெண் பாடகி என்றால் ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணிதான். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பாட ஆரம்பித்தவருக்கு, இந்தப் பேண்ட் பெரிய கதவைத் திறந்தது. 2020-ல் பிபிசியின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். 2021-ல் ‘பிக் பாஸ்’ ஐந்தாவது சீசன் வீட்டுக்குள்ளும் போனார்.

2024 நவம்பரில் காற்று திசைமாறியது. கோயிலுக்குள் நுழையும் பெண்களின் உரிமை பற்றிப் பல வருஷங்களுக்கு முன்பு அவர் பாடிய ஒரு பாட்டு, ஐயப்ப பக்தர்களைப் புண்படுத்துகிறது என்று திடீரென்று சர்ச்சையானது. குழுவுக்காகப் பாடிய பாட்டு. ஆனால் ஆபாசப் பேச்சும் மிரட்டலும் முதலில் போய்ச் சேர்ந்தது மேடையில் நின்ற அந்தப் பெண்ணின் போனுக்கு. நீலம் அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. சினிமாப் பாட்டு சர்ச்சையானால் பதில் சொல்லத் தயாரிப்பாளர், இயக்குநர், ஹீரோ என்று வரிசை இருக்கும். இண்டியில் பாடியவர்தான் முன்னால் நிற்க வேண்டும்.

சரி, காசு யாருக்கு?

குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வளர்ந்தார்கள். வளர்ந்த திசை பெரும்பாலும் சினிமா. அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு 2018-லேயே ‘காலா’வுக்குப் பாட்டு எழுதினார். தென்மா ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) வரை படங்களுக்கு இசையமைத்தார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. 19 பேருக்கு மாசாமாசம் சோறு போடும் அளவுக்கு இங்கே கச்சேரி மார்க்கெட் கிடையாது.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ அந்த நிலைமையை மாற்றும் என்று பலர் நம்பினார்கள். தீ, அறிவு குரல்களில், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், சினிமா இல்லாமலே உலகம் சுற்றிய பாட்டு. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்க்கையை அதில் வைத்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு, அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தனக்கு இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்று வீடியோவில் சொன்னார். இது அவர் தரப்பு. இத்தனை பேர் கேட்ட பாட்டுக்கே வருமானம் பற்றி இப்படி ஒரு தகராறு என்றால், பேர் தெரியாத கானா பாடகரின் நிலைமையை யோசித்துக்கொள்ளலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாட்டை விற்றுவிட்டாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க, பாட்டு தன்னுடையது என்று காட்ட ஒரு ஆதாரம் வேண்டும். ஆர்க்டிக் மங்கீஸ் சிடியில் யார் எழுதியது என்று அச்சில் இருக்கும். காசிமேட்டில் ஒரு சாவு வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டிய பாட்டை, பக்கத்தில் நின்ற யாரோ போனில் பிடித்து யூடியூபில் ஏற்றினால், அந்த ஆதாரத்தை எங்கே போய்த் தேடுவது?