பேடு என்று சொல்லித் தந்த குஞ்சுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோழிக்குஞ்சைப் பற்றியது. "இவங்களுக்கு வேற வேலை இல்லையா" என்று கடந்து போகாமல் வாசியுங்கள்.

போன வருடம் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் மீள்குடியேறிய ஒரு ராத்தாவுக்கு வாழ்வாதார உதவியாகப் பத்து ஊர்க்கோழிக் குஞ்சுகள் கிடைத்தன. பொரித்து ஒரு கிழமை கூட இருக்காது. கொண்டுவந்தவர் ஒவ்வொன்றாகக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் பேடுதான், பயப்படாதீங்க" என்றார். படம் எடுத்தார்கள், போனார்கள். ராத்தா மகளின் பழைய கொப்பியில் கணக்கு எழுதினார்: நாளைக்கு இத்தனை முட்டை, கிழமைக்கு இவ்வளவு, அதில் மகளின் டியூஷன் காசு, மிச்சம் தீனுக்கு. நான்கு மாதம் அரிசிக் குறுணலும் தேங்காய்ப்பூவும் போட்டு வளர்த்த பிறகு ஒரு நாள் விடியப்புறம் ஒன்று கூவியது. அடுத்த கிழமை இன்னொன்று. கடைசியில் எண்ணிப் பார்த்தால் பத்தில் ஏழு சேவல்.

"சேவலும் விலை போகும்தானே" என்று சிலர் சொன்னார்கள். போகும், நல்ல விலைக்கே போகும். ஆனால் ஒரு தடவைதான் போகும். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும் என்றிருக்க, ஏழு சேவலை ஒரு முற்றத்தில் விட்டால் கொத்துப்பட்டு இரத்தம்தான். ராத்தா எழுதியது சேவல் கணக்கு அல்ல. டியூஷன் காசு மாதாமாதம் கேட்கும்.

1990 ஒக்டோபர் 30இல் வெறுங்கையோடு வெளியேறிய ஊர் இது. எங்கள் வயதுக்காரர்களில் பலர் புத்தளத்து முகாம் கொட்டில்களில் வளர்ந்தவர்கள். திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, முதலில் தொடங்கக் கூடிய வருமானம் பல வீடுகளில் கோழிதான். 2022, 2023இல் ஒரு முட்டை ஐம்பது ரூபாயைத் தாண்டி, இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலைக்கு நாடு வந்த பிறகு கோழி வளர்க்காத வீடே குறைவு. அதனால்தான் இந்த "பேடுதான்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க நினைத்தோம்.

தலைகீழாகத் தூக்கினால் தலையை நிமிர்த்துவது பேடு, தொங்கவிடுவது சேவல் என்பார்கள். அடுத்த தெருவில் அதையே மாற்றிச் சொல்வார்கள். நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டைக்கு மேலே பிடித்தால் வட்டமாகச் சுற்றுவது ஒன்று, நேராக ஆடுவது இன்னொன்று. எங்கள் உம்மும்மா கூரான முட்டையை ஒதுக்கிவிட்டு உருண்டை முட்டைகளையே அடைக்கு வைப்பார், பேடு வரும் என்று. இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கை அல்ல. கிரேக்கத்து அரிஸ்டாட்டில் நீண்டு கூரான முட்டை பேடு என்று எழுதினார். சில நூற்றாண்டு கழித்து ரோமாபுரியின் கொலுமெல்லா அதே முட்டையைச் சேவல் என்று எழுதினார். அவர்களும் அடுத்தடுத்த ஒழுங்கைக்காரர்கள் போல.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தோம். தூக்கிப் பார்த்து, சேவல் என்று சொன்னதன் காலில் நீலக் கம்பளி நூல், பேடு என்றதன் காலில் சிவப்பு. (கால் தடிக்கத் தடிக்க நூலைத் தளர்த்த வேண்டும், மறந்துவிடாதீர்கள்.) மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழப் பாதி சரி, பாதி பிழை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். சரியாக வந்தது நினைவில் நிற்கும், பிழைத்தது கறியாகிவிடும், அவ்வளவுதான் இந்த முறைகளின் இரகசியம்.

பாதிப் பாதி என்றால் பத்தில் ஐந்து வரவேண்டுமே என்று ஒரு மாணவி கேட்டாள். அப்படி அல்ல. பத்துக் குஞ்சில் சரியாக ஐந்துக்கு ஐந்து வருவது நான்கு அடையில் ஒரு அடைதான். ஏழோ அதற்கு மேலோ சேவலாக வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 17. அதாவது ஆறு வீட்டுக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்தால், ஏறத்தாழ ஒரு வீடு ராத்தா வீடு மாதிரி ஆகும். யாரும் ஏமாற்றாமலே இது நடக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் உதவித் திட்டம் போட வேண்டும்.

முட்டைக்குள் இருப்பது சேவலா பேடா என்பது அடைச்சூட்டாலோ முட்டையின் வடிவத்தாலோ முடிவாவதில்லை. முட்டை உருவாகும்போதே முடிந்துவிடுகிறது. கோழியில் அதைத் தீர்மானிப்பது தாய். சேவலுக்கு இசட் நிறமூர்த்தம் இரண்டு, பேட்டுக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. தாய் எதைக் கொடுக்கிறதோ அதுதான் குஞ்சு. மனிதரில் தலைகீழ், எக்ஸோ வையோ கொடுப்பது தகப்பன். மூன்றாவதும் பெண்பிள்ளை என்று மருமகளை முறைக்கிற மாமிமார் இந்தப் பந்தியை மட்டும் இரண்டாம் தரம் வாசிக்கலாம்.

அப்படியென்றால் பண்ணைகளில் மட்டும் ஒரு நாள் குஞ்சை எப்படிப் பிரிக்கிறார்கள்? ஜப்பானியர் குஞ்சின் கழிவுவாயை மெல்ல விரித்து உள்ளே இருக்கும் மிகச் சிறிய மேட்டைப் பார்த்துப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். மசுயி, ஹஷிமோத்தோ இருவரும் எழுதிய நூல் 1933இல் ஆங்கிலத்தில் வந்தது. பழகிய கை மணிக்கு ஆயிரம் அளவில் பிரிக்கும். பழகாத கை குஞ்சின் வயிற்றை நசித்துக் கொல்லும். வீட்டில் முயல வேண்டாம்.

இன்னொன்று, செட்டையை விரித்து இறகின் நீளம் பார்ப்பது. இந்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது. அது பொய்யில்லை. ஆனால் இறகு வேகமாக முளைக்கும் இனத்துச் சேவலையும் மெதுவாக முளைக்கும் இனத்துப் பேட்டையும் திட்டமிட்டுச் சேர்த்து எடுத்த குஞ்சுக்குத்தான் அது பொருந்தும். தாய் யார், தகப்பன் எந்த வேலி பாய்ந்து வந்தவன் என்று தெரியாத ஊர்க்குஞ்சின் செட்டையில் எதுவும் எழுதியிருக்காது. பண்ணையில் முட்டை இனத்துச் சேவல் குஞ்சுகளைப் பிரித்த கையோடு கொல்வதும் உண்டு. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் அதைச் சட்டத்தால் நிறுத்தியிருக்கிறது. நம் முற்றத்தில் சேவலுக்கும் இடம் இருக்கிறதே, அந்த வகையில் நாங்கள் பரவாயில்லை.

சரி, எங்களால் என்ன முடியும்? ஆறு கிழமை பொறுக்க முடியும். மூன்று, நான்கு கிழமையில் பேட்டுக்குஞ்சுக்கு வாலும் முதுகும் முன்பே மூடிவிடும். சேவல் குஞ்சு மொட்டை வாலோடு முதுகு வெளித்தெரியத் திரியும். ஆறாம் கிழமையில் கொண்டையைப் பாருங்கள். சேவலுக்கு அது உயர்ந்து சிவக்கத் தொடங்கும், பேட்டுக்கு மஞ்சள் கலந்து வெளிறிப் படுத்தே கிடக்கும். காலும் சேவலுக்குத் தடிப்பு. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், வேறு அடைக் குஞ்சோடு அல்ல. கொண்டை சிறிதாக அமுங்கிய சண்டைக்கோழிக் கலப்பு என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். மூன்று மாதத்தில் கழுத்திலும் இடுப்பிலும் இறகு ஒடுங்கிக் கூராக மினுங்கினால் சேவல், நுனி வட்டமாக இருந்தால் பேடு. அதற்குமேல் சந்தேகமில்லை. குஞ்சுகள் நெஞ்சை நிமிர்த்திச் சண்டை பிடிப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், பேடுகளும் பிடிக்கும்.

பொரித்த அன்றே தெரிய ஒரு வழி முற்றத்துக்கும் உண்டு. உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை வரி ஓடும் பேட்டை, வரியே இல்லாத கறுத்தச் சேவலோடு மட்டும் விட்டு முட்டை எடுத்தால், கறுத்த குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளது சேவல், இல்லாதது பேடு. வரிக்கான மரபணு இசட்டில் இருப்பதால் தாயின் வரி மகனுக்கு மட்டும் போகிறது. சேவலுக்கு வரி இருந்தால் இது சரிவராது. வேறு சேவல் வேலி தாண்டினாலும் சரிவராது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். ஒரு கிழமைக் குஞ்சைப் பேடு என்று கூடிய விலைக்கு விற்பவரும், பேடு என்று சொல்லி உதவியாகக் கொடுப்பவரும் தங்களுக்குத் தெரியாததைக் கொடுக்கிறார்கள். வயிற்றில் இருக்கும் குட்டியை விற்காதே என்று மார்க்கம் தடுப்பது இந்த மாதிரி நிச்சயமின்மைக்காகத்தான். கலப்பாகக் கொடுத்தால் "கலப்பு" என்று சொல்லிக் கொடுங்கள், எண்ணிக்கையையும் கூட்டிக் கொடுங்கள். பேடுதான் கொடுப்பதென்றால் எட்டுக் கிழமை வளர்த்து, பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். இப்போது அந்தச் செலவும், காகமும் பருந்தும் கீரியும் கொண்டுபோகும் நட்டமும் யார் தலையில் விழுகிறது? கரப்புக்குப் பக்கத்தில் தடியோடு காவல் இருக்கிற ராத்தாவின் தலையில். பத்து வீட்டுக்குக் குஞ்சு கொடுக்கிற காசில் ஐந்து வீட்டுக்கு நிச்சயமான பேடு கொடுத்தாலும் போதும். படத்தில் ஆள் குறையும், வேறொன்றும் குறையாது.

ராத்தா ஐந்து சேவலை விற்றுவிட்டார், ஒன்று பெருநாளுக்குப் போனது. மிச்சம் இருப்பது நல்ல கறுவல், ஒரு வரி கூட இல்லை, எங்கள் மதிலில் ஏறித்தான் கூவுகிறான். வரி ஓடின பேடு வைத்திருப்பவர்கள் கீழே சொல்லுங்கள். தனியாக அடைத்து வைக்க எங்கள் வளவில் கூடு இருக்கிறது.