கையில் ஊலாங் டீ இருந்தாலும் கம்பாய்தான்

ஜப்பானுக்குப் படிக்கப் போகிறவர்கள் மாங்கு மாங்கென்று மனப்பாடம் செய்துகொண்டு போகிற ஜப்பானிய மொழி, முதல் சில வாரம் வகுப்பறையில் ஓரளவு ஓடும். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து சீட்டுக்காரர் வந்து, "இன்னைக்கு ராத்திரி நோமிகாய், வர்றீங்களா?" என்று கேட்பார். படித்ததெல்லாம் பாதிப் பாடம்தான் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

நோமி என்றால் குடிப்பது, காய் என்றால் கூட்டம். பச்சையாகச் சொன்னால் தண்ணி பார்ட்டி. ஆனால் அதோடு நிறுத்தினால் விஷயம் புரியாது. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். புதுசாக வந்தவர்களை வரவேற்க ஒன்று, ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தால் ஒன்று, பரீட்சை முடிந்தால் ஒன்று, டிசம்பரில் வருஷத்தை மறப்பதற்கு ஒன்று (போனென்காய் என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான், சத்தியமாக!), மார்ச்சில் வழியனுப்ப ஒன்று. காலண்டரே இப்படித்தான் போகிறது.

இடம் பெரும்பாலும் ஒரு இஸகாயா. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத் துண்டு வரும். கூடவே யாரும் கேட்காத ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும். அதற்குப் பெயர் ஓதோஷி. "இதை நாங்க ஆர்டர் பண்ணலையே" என்று வெளிநாட்டு மாணவர் திருப்பி அனுப்பப் பார்ப்பார். அனுப்ப முடியாது, அது கிட்டத்தட்ட உட்காருவதற்கான வாடகை. ஆளுக்கு 300, 400 யென் பில்லில் ஏறிவிடும். அடுத்து 'தொரியாஎஸு பீரு', அதாவது இப்போதைக்கு எல்லாருக்கும் பீர். எல்லார் கையிலும் கிளாஸ் வந்து "கம்பாய்!" சொல்லும்வரை யாரும் வாய் வைக்கக் கூடாது. அந்தச் சொல்லின் எழுத்துக்களைப் பார்த்தால் 'காலிக் கோப்பை' என்று வரும். நல்லவேளை, யாரும் காலி பண்ண வேண்டியதில்லை.

தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வது அழகில்லை. பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார், அவருக்கு இவர் ஊற்ற வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. காலி கிளாஸ் என்றால் 'இன்னும் ஊற்று' என்று அர்த்தம். மரியாதைக்காகக் குடித்து முடிக்கிறவருக்கு முடிவே கிடையாது! போதும் என்றால் கிளாஸை நிறைத்து அப்படியே வைத்துவிட வேண்டும். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை.

நோமிகாயைத் திட்டுகிறவர்கள் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. வகுப்பில் தலையைக் குனிந்துகொண்டு மரியாதை விகுதி போட்டே பேசிய அதே பையன், இங்கே சொந்த ஊர் வழக்கில் காதல் தோல்வியைச் சொல்வான். ஆறு மாதம் வாயே திறக்காத சென்பாய், எந்தப் பேராசிரியரிடம் எப்போது கேட்டால் வேலை நடக்கும் என்பதை இங்கேதான் சொல்வார். அடுத்த நாள் காலையில் அதே ஆட்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி லேசாகத் தலை குனிந்து "காலை வணக்கம்" சொல்லிப் போய்விடுவார்கள். நேற்று தோளில் கை போட்டவனா இவன் என்று வெளிநாட்டு மாணவருக்கு வலிக்கும். இதை வேஷம் என்று சொல்வது தப்பு. ராத்திரி சொன்னதைப் பகலில் எடுத்துக் காட்டக் கூடாது என்ற உடன்பாடு இருப்பதால்தான் ராத்திரி அவ்வளவு பேசுகிறார்கள்.

பிரச்சினை அந்தக் கதவுக்கு பீர் கிளாஸ்தான் சாவி என்று வைத்திருப்பதில் இருக்கிறது.

ஆல்கஹால் உடம்புக்குள் போனதும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அதை உடைக்கிற என்ஸைம் ஜப்பானியரில் ஏறக்குறைய 10 பேரில் 4 பேருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. இரண்டு வாயிலேயே முகம் தக்காளி மாதிரி சிவந்து நெஞ்சு படபடக்கும். "குடிச்சுப் பழகினா சரியாயிடும்" என்று சென்பாய்கள் சொல்வது ஆபத்தான பேச்சு. பழகினால் அவஸ்தை வேண்டுமானால் குறையும், உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். இது போதாதென்று 'இக்கி', ஒரே மூச்சில் குடிப்பது. சுற்றி நின்று கை தட்டி "இக்கி! இக்கி!" என்று கத்துவது 1985-ல் அந்த ஆண்டின் பிரபலச் சொற்களுக்கான விருதே வாங்கியது. அப்படிக் குடித்து மாணவர்கள் செத்தும் போயிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதற்கு எதிராகப் பிரசாரம் செய்கிறார்கள். குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதற்கு 'அருஹாரா' என்று ஒரு பெயரும் வந்துவிட்டது. 20 வயதுக்குள் குடிக்கக் கூடாது என்ற சட்டம் 1922-லிருந்தே இருக்கிறது. 2022-ல் வயதுவந்தோர் வயதை 18 ஆகக் குறைத்தபோதுகூட இதை மாற்றவில்லை. வரவேற்பு பார்ட்டியில் உட்கார்ந்திருக்கும் முதல் வருடப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 18, 19. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு வினோதமான சலுகை உண்டு. "எங்க மதத்துல குடிக்க மாட்டோம்" என்றால், "ஓ, அப்படியா!" என்று உடனே ஊலாங் டீ வந்துவிடும், கேள்வியே கிடையாது. பக்கத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கும் ஜப்பானியப் பையனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்குக் காட்ட மதமும் இல்லை, தூர தேசமும் இல்லை. வெறும் "வேண்டாம்" மட்டும்தான் இருக்கிறது, அது பல மேஜைகளில் செல்லுபடியாவதில்லை. அதனால் குடிக்காத வெளிநாட்டு மாணவர் நோமிகாய்க்கே போகாமல் அறையில் முடங்குவதைவிட, போய் சத்தமாக ஊலாங் டீ கேட்பது நல்லது. மேஜையில் ஒரு டீ வந்துவிட்டால் இரண்டாவது டீ கேட்பது சுலபம். (ஊலாங்-ஹை என்று ஒன்று உண்டு. பார்க்க டீ மாதிரியே இருக்கும், உள்ளே சரக்கு. உஷார்!)

அப்புறம் காசு. ஒரு நேபாளப் பையன் படித்துக்கொண்டே ஒரு இஸகாயா சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அவனுக்கு அனுமதி இல்லை. 2024 அக்டோபரில் டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். இரண்டு மணி நேர 'நோமிஹோதாய்', அதாவது எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் திட்டம், சாப்பாட்டோடு 4,000 யென் என்றால் அவனுக்கு அது மூன்றரை மணி நேரப் பாத்திரம். அவன் குடித்தது இரண்டு டீ. பில்லோ 'வாரிகான்', தலைக்குச் சமமாக வகுப்பது. இதற்குப் பிறகு நிஜிகாய் என்று இரண்டாவது கடை, கரோக்கே, கடைசி ரயிலைத் தவறவிட்டால் டாக்ஸி.

இளசுகள் குடிப்பது குறைந்துபோய் மது வரி வருமானம் விழுகிறது என்று கவலைப்பட்டு, ஜப்பானிய வரித்துறை 2022-ல் 20 முதல் 39 வயதுக்காரர்களைக் குடிக்கத் தூண்ட யோசனை கேட்டுப் போட்டியே நடத்தியது. ஒரு அரசாங்க அலுவலகம் செய்கிற வேலையா இது? வாங்கிக் கட்டிக்கொண்டது.

அரசாங்கத்தை விடுங்கள். மாணவர்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு நோமிகாய்க்கும் கன்ஜி (கஞ்சி இல்லை!) என்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். கடை பிடிப்பது, காசு வசூலிப்பது எல்லாம் அவர்தான். பல கடைகளில் மது இல்லாத பானங்களுக்கென்று விலை குறைந்த திட்டம் தனியாகவே இருக்கிறது. புக் பண்ணும்போதே யாருக்கு எது என்று கேட்டு, இரண்டு தொகையாக வசூலித்தால் போதும். டீ குடிக்கிறவன் ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. அடுத்த தடவை கூப்பிட்டால் அந்த நேபாளப் பையனும் வருவான்.