அம்மப்பாட கத்திக்கு ஏன் வார்னிஷ் அடிச்சீங்க?

அந்தக் கண்காட்சியில கத்திக்குப் பக்கத்தில ஒரு அட்டை வச்சிருந்தாங்க. "பழங்காலச் சவரக்கத்தி. புதுப்பிக்கப்பட்டது." மொத்தம் மூண்டு சொல். ஆர்ட கத்தி, எந்த ஊர்க் கத்தி, ஆர் பிடிச்ச கத்தி, ஒண்டும் இல்லை. "புதுப்பிக்கப்பட்டது" எண்ட சொல்லைத்தான் நான் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டன். கத்தி மினுங்கினது. மழைக்கு நனைஞ்ச தார் ரோட்டு மாதிரி ஒரு மினுக்கம்.

அது என்ட அம்மப்பாட கத்தி. இரவலாத்தான் குடுத்தது. எங்கட செங்கலடியில அவர் சலூன் வச்சிருக்கேல்ல, வீடு வீடாப் போய்ச் சவரம் செய்தவர். தகரப்பெட்டிக்குள்ள ஒரு கத்தி, ஒரு கத்தரிக்கோல், தோல் வார், சாணைக்கல், கிண்ணம். வெள்ளாமை வெட்டின பிறகு நெல்லாக் கூலி. கலியாண வீட்டிலயும் செத்த வீட்டிலயும் அவருக்கு வேலை இருந்தது, ஆனா கதிரை இருக்கேல்ல. நாவிதர் குடும்பம் எண்டு நான் இந்தப் பக்கத்தில எழுதுறது இதுதான் முதல் தடவை. எழுதியாச்சு, இனிப் பரவாயில்லை.

கத்தி ஜேர்மனியில, சொலிங்கன்ல செய்தது. இடம் மாறிப் போன ஒரு கச்சேரி உத்தியோகத்தர் குடுத்ததாம். பிடி கறுத்தக் கொம்பு. இரண்டு தட்டுக்கு நடுவில அலகு மடியும், பித்தளை ஆணி மூண்டு. ஒரு தட்டில மட்டும் இலை இலையா ஐந்து சிப்பித் துண்டு பதிச்சிருக்கும். அதில ஒண்டு என்ட அம்மா பிறக்கிறதுக்கு முதலே விழுந்திட்டுது. அம்மப்பா என்ன செய்தவர் தெரியுமா? பதுளை வீதியால உறுகாமம் பக்கம் வேலைக்குப் போகேக்க குளத்துச் சிப்பி ஒண்டைப் பொறுக்கி, அரத்தால ராவி, அரக்கை உருக்கி ஒட்டினவர். இலை மாதிரி வரேல்ல. கொஞ்சம் கோணல், மற்ற நாலையும் விட மஞ்சள். பெருவிரல் அதிலதான் வந்து குந்தும். அறுபது வயது வரைக்கும் அவர் சவரம் செய்தது அந்தக் கோணல் துண்டில விரலை வச்சுத்தான்.

புதுப்பிச்ச ஆக்கள் அதைத்தான் முதல்ல நோண்டி எடுத்திருக்கினம். "செற் ஆகேல்ல" எண்டாங்க. பதிலுக்கு நகப் பொலிஷ் கடையில விக்கிற பச்சை நீல மினுக்கத் தாள் ஒண்டை வெட்டி, சுப்பர் குளூவால ஒட்டி, மேல கிளியர் ஸ்பிரே மூண்டு கோட். குளூ வழிஞ்சு ஆணிக்குள்ள போயிட்டுது. இப்ப கத்தி மடியுதில்லை. மடியாத மடிப்புக் கத்தி!

நான் கோபப்பட்டதும் வந்த பதில்: "உனக்கு நன்றி இல்லை, ஊத்தையாக் கிடந்ததை நாங்க வடிவாக்கித் தந்திருக்கிறம்." அதனால வடிவைப் பற்றியே முதலில் கதைப்போம். ஒட்டுறதும் பூசுறதும் சின்ன வேலை இல்லை. எந்தப் பசை எண்டு நீங்க தீர்மானிக்கிற நேரம், உங்களுக்குப் பிறகு இதை ஆரும் திறக்கலாமா கூடாதா எண்டதையும் சேர்த்துத்தான் தீர்மானிக்கிறீங்க.

கொம்பு எண்டது எங்கட நகமும் முடியும் மாதிரி ஒரு பொருள், கெரட்டின். தண்ணியைக் குடிக்கும், வீங்கும், காய்ஞ்சால் சுருங்கும். சிப்பி கல்சியம் காபனேற்று, கிட்டத்தட்ட கல். அசையாது. அசையிற ஒண்டுக்குள்ள அசையாத ஒண்டைப் பதிச்சு வச்சிருக்கிறம். அதுவும் வாவிக் காத்து அடிக்கிற ஊரில, மாரியில சுவரே வியர்க்கிற ஊரில. அப்ப நடுவில நிக்கிற பசைக்கு என்ன குணம் வேணும்? கொஞ்சம் விட்டுக் குடுக்கோணும். இழுவை கூடினா முதல்ல உடைய வேண்டியது பசை. சிப்பியும் கொம்பும் இல்லை. நூதனசாலைகளில பழம்பொருள் பராமரிக்கிற ஆக்கள் இதை அடிப்படை விதியா வச்சிருக்கினம்: பசை எப்பவும் பொருளை விடப் பலம் குறைஞ்சதா இருக்கோணும், பிறகு கழட்டக் கூடியதாவும் இருக்கோணும். நாங்க எதிர்மாறா "நல்லா இறுக்கி ஒட்டு மச்சான், இனி சென்மத்துக்கும் கழராது" எண்டு பெருமைப்படுறம். கழராது எண்டதுதானே பிரச்சினை.

சுப்பர் குளூ காத்தில இருக்கிற ஈரத்தாலதான் இறுகுது. ஈரம் கூடின இடத்தில சடக்கெண்டு இறுகி, அதுட ஆவி சுத்திவரப் படிஞ்சு வெள்ளையாப் பூத்திரும். கறுத்தக் கொம்பில அது சாம்பல் பூசினது போலத் தெரியும். அதை மறைக்கத்தான் கிளியர் அடிச்சிருக்கினம் எண்டு நான் நினைக்கிறன். ஒரு பிழையை மூடப் பெரிய பிழை. இறுகின பிறகு அது கண்ணாடி மாதிரி, தட்டினா விடும். சரி, கழட்டுவம் எண்டா அசிற்றோன் வேணும், நகப் பொலிஷ் அழிக்கிற சாமான். அசிற்றோனுக்குக் கொம்பும் சிப்பியும் தாங்கும். ஆனா மற்ற நாலு இலையையும் ஒட்டியிருக்கிற பழைய பசை தாங்குமா? அது என்ன பசை எண்டே எனக்குத் தெரியாது. உங்கட குளூவைக் கரைக்கப் போய், சொலிங்கன்ல ஆரோ ஒரு தொழிலாளி ஒட்டினதையும் நான் கரைக்க வேண்டி வரலாம். கிளியர் பொலியூறத்தேன் எண்டா அசிற்றோனுக்கும் கரையாது, சுரண்டத்தான் வேணும். சுரண்டினா அம்மப்பாட விரல் தேய்ச்ச பள்ளமும் சேர்ந்து போகும்.

நல்லகாலம் இது கொம்பு. பிடி செலுலோயிட்டா இருந்திருந்தா அசிற்றோன் பட்ட உடனே பாகாப் போயிருக்கும். பழைய கத்தி வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்லுறன். 19ஆம் நூற்றாண்டிட கடைசியில இருந்து ஆனைத்தந்தம், ஆமையோடு மாதிரித் தெரியிற கனக்கப் பிடிகள் செலுலோயிட்தான். சுடுதண்ணி காட்டித் தேய்ச்சா கற்பூர மணம் வரும். சூடாக்கின ஊசியால குத்திப் பாக்க வெளிக்கிட வேணாம், அது பத்தி எரியிற சாமான். பழசாகினா அமில ஆவி விட்டு, மடிச்சு வச்ச அலகையே துருப்பிடிக்க வைக்கும். அதனால மூடின பெட்டிக்குள்ள வைக்கக் கூடாது. சிப்பிக்கும் அமிலம் ஆகாது. எங்கட வீடுகளில பித்தளை எண்டா உடனே பழப்புளி, தேசிக்காய். ஆணி மினுங்கும், பக்கத்தில இருக்கிற சிப்பி அரிச்சுப் போகும். ஒட்டுப்பலகையில செய்த காட்சிப் பெட்டியும் அப்படித்தான், அந்தப் பலகை விடுற ஆவியாலயே வருசக்கணக்கில சிப்பி வெள்ளைத் தூளாப் பூக்கும். அந்தக் கண்காட்சியில கத்தியை வச்சிருந்தது எதில எண்டு கேளுங்கோவன். புத்தம்புது ஒட்டுப்பலகைப் பெட்டி, கண்ணாடி மூடியோட.

"அப்ப எதாலதான் ஒட்டுறது?" எண்டு ஒரு கூட்டாளி நியாயமாக் கேட்டான். வச்சிரம் இருக்கு. மாட்டுத் தோல், எலும்பில காய்ச்சிற பசை, எங்கட தச்சாசாரிமார் காலங்காலமாப் பாவிச்சது. இளஞ்சூட்டுத் தண்ணியில இளகும், நூறு வருசம் கழிச்சும் கழட்டலாம். "தண்ணி பட்டா விட்டிருமே" எண்டான். உண்மைதான். ஒவ்வொரு நாளும் சவரம் செய்யிற கத்திக்கு வச்சிரம் சரிவராது, நான் அதை மறுக்கேல்ல. அப்படி எண்டா குழிக்குள்ள முதல்ல அரக்குப் பொலிஷ் மெல்லிசா ஒரு கை. காய்ஞ்ச பிறகு மெதுவா இறுகிற அரல்டைட், ஊசி முனையளவு. பிறகு ஆருக்கும் கழட்ட வேணுமெண்டா ஸ்பிரிட்டால அந்த அரக்குப் படையைக் கரைச்சா, அரல்டைட் தன்ட பாட்டில வந்திரும், கொம்புக்கு ஒண்டும் ஆகாது. ஐந்து நிமிச அரல்டைட் வேணாம், ஆறுதலா நேராக்க நேரம் தராது. மேல பூச என்ன? சிப்பிக்கு ஒண்டும் தேவையில்லை. மெருகு அதுக்குள்ளயே இருக்கு. கொம்புக்குத் தேன்மெழுகு தொட்டும் தொடாமலும், துணியால தேய்ச்சு விட்டாப் போதும். கிளியர் அடிச்சா விளிம்பில ஈரம் புகுந்து உரியத் தொடங்கும். இன்னும் இரண்டு மாரி போகட்டும், பாருங்கோ.

விழுந்த துண்டுக்குப் புதுத்துண்டு போடவே கூடாது எண்டு நான் சொல்லேல்ல. 1964 வெனிஸ் சாசனம் கட்டடங்களுக்கு எழுதினது. அதில ஒரு விதி இருக்கு: புதுசா வைக்கிற பகுதி முழுசோடயும் இசைஞ்சிருக்கோணும், ஆனா புதுசு எண்டு பிரிச்சுத் தெரியவும் வேணும், பொய் சொல்லக் கூடாது. அம்மப்பா ஆறாம் வகுப்புத் தாண்டாதவர். வெனிஸ் எங்க இருக்கு எண்டு கேட்டா வெலிக்கந்தைக்கு அங்கால எண்டு சொல்லியிருப்பார். ஆனா அவர் வச்ச துண்டு அந்த விதியைக் காப்பாத்தினது. குளத்துச் சிப்பி, கொஞ்சம் கோணல், கொஞ்சம் மஞ்சள், பாத்த உடனே தெரியும் இது வேற கை எண்டு. அரக்கு வேற. ஸ்பிரிட் தொட்டா கழரும். படிச்ச நீங்க செய்தது என்ன?

எனக்குக் கோபம் வாற இடம் இதுதான். அந்தக் கோணல் துண்டு ஒண்டுதான் அந்தக் கத்தியில எங்கட ஊர். மிச்சமெல்லாம் ஜேர்மனி. நீங்க ஜேர்மனியை வச்சிக்கொண்டு உறுகாமத்தைக் குப்பையில போட்டிருக்கிறீங்க. பிறகு அட்டையில பேரும் இல்லை. தற்செயலா நடந்ததெண்டு நான் நம்பேல்ல. கொம்புப் பிடியும் சிப்பிப் பதிப்பும் மரபுரிமை, அதைப் பிடிச்ச கைக்கு மட்டும் மரபுரிமையில இடமில்லை. ஊத்தை எண்டு நீங்க துடைச்சது அவர்ட கையெண்ணெய். "ஊத்தை" எண்ட சொல்லை எங்கட வீட்டு ஆக்கள் வேற எங்கயும் கேட்டதில்லை எண்டா நினைக்கிறீங்க?

"எல்லாத்துக்குள்ளயும் சாதியைக் கொண்டு வராத" எண்டு ஆரோ கீழ எழுதப் போறீங்க, தெரியும். 1957ல சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. 1972ல கே. டானியல் 'பஞ்சமர்' எழுதினார். யாழ்ப்பாணத்தில சலூனில முடி வெட்டிக்கொண்டே எழுதின டொமினிக் ஜீவா 1966ல 'மல்லிகை'யைத் தொடங்கி, பிறகு பல பத்து வருசம் நடத்தினார். அவர் தன்ட தொழிலை ஒளிச்சு வைக்கேல்ல, அதைச் சொல்லிக்கொண்டுதான் எழுதினார். 2021ல அவர் செத்த நேரம் எங்கட ஆக்கள் எத்தனை பேர் அஞ்சலிப் பதிவு போட்டீங்க! அதே ஆக்கள் ஒரு சவரக்கத்தியைக் காட்சிக்கு வைக்கேக்க பிடிச்சவர்ட பேரை எழுத வெக்கப்படுறீங்க. எழுத்தாளர் எண்டா பேர் இருக்கும், வெறும் நாவிதன் எண்டா "பழங்காலம்".

அம்மா இதை வாசிச்சா பேசுவா. "ஏன் புள்ள கிளறுறாய், கத்தியைத் தந்திட்டாங்கதானே" எண்டுவா. 90ல ஊர் கிளம்பி வந்தாறுமூலைக் கம்பஸுக்குள்ள அகதியாக் கிடந்த நேரம் அம்மப்பா கொண்டு போனது அந்தத் தகரப்பெட்டி ஒண்டுதானாம். நான் இப்ப படிக்கிறது அதே கம்பஸில. கலைப்பீடத்துக்குப் போற வழியில அவர் ஆருக்கும் சவரம் செய்திருப்பாரா எண்டு சில நேரம் யோசிக்கிறனான். பெட்டி எனக்கு வந்ததுக்கும் ஒரு கதை இருக்கு, மாமாமார் ஒருத்தரும் கேக்கேல்ல. ஒருத்தர் மட்டும் "பொம்புளப் புள்ளைக்கு எதுக்குச் சவரக்கத்தி" எண்டார். அதுக்குத் தனியா ஒரு கட்டுரை எழுதோணும்.

ஊரில இப்ப எல்லா சலூனிலயும் அரை பிளேட் மாத்திற கத்திதான். ஒரு ஆளுக்கு ஒரு பிளேட், நோய் தொத்தாது, அதுதான் சரி. இந்தக் கத்தியைத் திரும்ப ஆர்ட கழுத்திலயும் வைக்கோணும் எண்டு எனக்கு ஆசை இல்லை. மடியோணும். அவ்வளவுதான். திறந்து, மடிச்சு, பெட்டிக்குள்ள வைக்கக் கூடியதா இருக்கோணும்.

போன கிழமை ஆணிப் பக்கம் பஞ்சால அசிற்றோன் தொட்டுத் தொட்டு வச்சுப் பாத்தன். ஒரு துளி, பத்து நிமிசம், துடை, திரும்ப ஒரு துளி. மூண்டு நாளில ஒரு நூல் அளவு அசையுது. பச்சை நீலத் தாள் வந்திட்டுது, குழி வெறுமையாக் கிடக்கு. குழிக்கு அடியில அம்மப்பாட அரக்கு இன்னும் கொஞ்சம் செம்பட்டையா ஒட்டிக்கொண்டிருக்கு. அதை நான் தொடேல்ல.

அந்தத் துண்டை நோண்டி எடுத்தவர் இதை வாசிக்கிறீங்க எண்டு எனக்குத் தெரியும். பேர் சொல்லேல்ல, சொல்லவும் மாட்டன். சின்னிவிரல் நகமளவு, மஞ்சள் பட்ட வெள்ளை, ஒரு பக்கம் அரம் இழுத்த கோடு இருக்கும். மேசை லாச்சிக்குள்ள, ஜீன்ஸ் பொக்கற்றுக்குள்ள, கூட்டி வச்ச குப்பைக்குள்ள எங்கயாவது தேடிப் பாருங்கோ. கிடைச்சா ஒரு நெருப்புப் பெட்டிக்குள்ள பஞ்சு வச்சுக் கொண்டு வந்து தாங்கோ. அரக்கு வாங்கி வச்சிருக்கிறன்.