அப்பா கட்டியிருந்த வாட்ச் எவ்வளவு போகும்?



பழைய வாட்ச் மேல் எனக்குள்ள பைத்தியம் உங்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, இந்த வருஷம் மட்டும் நான்கு பேர் போட்டோ அனுப்பி ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "சார், அப்பா கட்டினது. எவ்வளவு போகும்?"

அதில் ஒருவன் வீட்டில் அண்ணன் தம்பிக்குள் இதனால் பேச்சே நின்றுவிட்டது. லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ யூடியூப் பார்த்துச் சொன்னாராம். போட்டோவைப் பார்த்தேன். எச்.எம்.டி. ஜனதா.

அருமையான வாட்ச்தான், மறுக்கவில்லை. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி தொழில்நுட்பம் கொடுக்க, 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. சாவி கொடுத்து ஓடும் ஜனதா, பெயருக்கு ஏற்றபடி ஜனங்கள் கையில் எல்லாம் ஏறியது. சிக்கலே அங்கேதான். நாடு முழுக்க இருக்கும் பொருளுக்கு அபூர்வ விலை எப்படி வரும்? 2016இல் மத்திய அரசு அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவு செய்த பிறகு ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் கூடினார்கள், உண்மை. ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் சாதாரண ஜனதா சில ஆயிரம் ரூபாய்தான். "இதுக்காடா பேசாம இருக்கீங்க?" என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

விலை கேட்பதற்கு முன் அது என்ன வாட்ச் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி. டயலில் உள்ள பெயரோடு நின்றுவிடக் கூடாது. நம்பிக்கையான ரிப்பேர்காரரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இயந்திரத்தில் பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் பாருங்கள். டயலில் ஒரு கம்பெனி, உள்ளே வேறு கம்பெனி என்றால் பல வாட்சுகளின் உதிரிகளைச் சேர்த்து ஒட்டியதாக இருக்கலாம். பின்மூடிக்கு வெளியே உள்ள எண்ணை வருஷம் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

"17 ஜுவல்ஸ்" என்றால் பதினேழு ரத்தினம் என்று ஒரு உறவுக்கார அம்மா பூரித்துப் போனார். கல் இருப்பது நிஜம். ஆனால் செயற்கை மாணிக்கம். சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க வைப்பது. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி 1902லேயே வெளியிட்டுவிட்டார். கல்லுக்கென்று தனி மதிப்புக் கிடையாது. அதேபோல "20 மைக்ரான்" என்றிருந்தால் அது தங்கமுலாமின் கனம். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பங்கிட்டால் ஒரு பங்கு! அடகுக் கடையில் உரைத்துப் பார்க்கக் கொடுத்து உறையைக் கீறிக்கொண்டு வராதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். அப்பா வாட்சைப் பளபளப்பாக்குகிறேன் என்று டயலைப் புதிதாகப் பெயின்ட் அடிக்கிறார்களே, அதில். மங்கிய டயல், மஞ்சளடித்த எண்கள், இவைதான் அது அசல் என்பதற்குச் சாட்சி. விஷயம் தெரிந்தவர் புது டயலைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் மாதிரி பழைய சுவிஸ் வாட்சுகளுக்கு இந்தக் கொடுமை அதிகம் நடக்கிறது. நீலம், ஆரஞ்சு என்று திருவிழா கலரில் டயல் இருந்தால் சந்தேகப்படுங்கள். சுத்தம் செய்து எண்ணெய் விடுவது வேறு விஷயம், அது அவசியம். பல வருஷம் பெட்டியில் கிடந்ததை அப்படியே சாவி கொடுத்து ஓட்டாதீர்கள். காய்ந்த எண்ணெயில் ஓடினால் பாகங்கள் தேயும். இன்னொன்று, அந்தக் காலத்து ரேடியம் பூசிய முள்ளென்றால் வீட்டில் திறக்கவே வேண்டாம். இருட்டில் ஒளிர்வது நின்றிருக்கலாம்; கதிர்வீச்சு நிற்கவில்லை.

இணையத்தில் போட்டிருக்கும் விலை, விற்பவர் ஆசைப்படும் விலை. விற்று முடிந்தது எவ்வளவுக்கு என்று தேடுங்கள். கடைக்காரர் அதற்கும் குறைவாகத்தான் தருவார், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது.

வாங்கிய ரசீது, டப்பா, உத்தரவாத அட்டை இருந்தால் பத்திரம். அப்பா அதைக் கட்டிக்கொண்டிருக்கும் போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

இனி எனக்கு அனுப்புகிறவர்கள் டயல், பின்மூடி, உள் இயந்திரம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பவும். ஃபில்டர் போடாமல்!

ஜனதா வீட்டுத் தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். முதலில் அண்ணனுக்கு ஒரு போன் போடு.